ஸ்டேட்டஸ் ஆக்டிவ் என்றொரு நிம்மதி

சொந்தமாக ஒரு சர்வர் வைத்து நடத்தப்போகிறேன் என்று விவரம் தெரிந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். விபிஎஸ் வாங்கியாயிற்றா, அப்டேட் போட்டாயிற்றா என்ற கேள்விகளுக்கு அடுத்து வருவது ‘ஃபயர்வால் போட்டாயா?’ என்பதுதான். போடுவதும் சுலபம். உபுண்டுவில் நாலைந்து வரி. உள்ளே வருவதையெல்லாம் மறு, 22, 80, 443 மூன்றை மட்டும் விடு, யூஎஃப்டபிள்யூவை இயக்கு. ‘ஸ்டேட்டஸ்: ஆக்டிவ்’ என்று திரையில் வந்துவிடும். பாதுகாப்பு வேலை முடிந்தது என்று நெக்ஸ்ட்கிளவுடோ இம்மிச்சோ நிறுவப் போய்விடுகிறோம். சில நாள் கழித்து லாகைத் திறந்தால் யாரோ ரூட் கடவுச்சொல்லை விடிய விடிய முயன்றிருப்பது தெரியும். அந்த ஐபியைத் தடுக்க ஒரு விதி எழுதுவோம். மறுநாள் வேறொரு ஐபி. அதற்கும் ஒரு விதி. ஆறு மாதத்தில் பட்டியல் இரண்டு திரை நீளத்துக்கு வளர்ந்திருக்கும், நமக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

இந்த வழக்கத்துக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் கிடக்கின்றன. ஃபயர்வால் ஓடினால் சர்வர் மூடியிருக்கிறது என்று பொருள். விதி கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. ஃபயர்வாலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற கூட்டம் ஒன்று உண்டு, அவர்களுக்கும் பிறகு பதில் வைத்திருக்கிறேன். விதிப் பட்டியல் நமக்குச் சொல்வது, எது திறந்திருக்கவேண்டும் என்று நாம் நினைத்தோம் என்பதைத்தான். நிஜத்தில் எது திறந்திருக்கிறது என்று அதற்கே தெரியாது. பட்டியலைப் பார்த்துவிட்டு நிஜம் இதுதான் என்று தீர்மானித்துக்கொள்ளும் பழக்கத்தோடுதான் என் சண்டை.

டாக்கரிலிருந்து தொடங்கலாம். வீட்டிலும் சின்ன அலுவலகத்திலும் சர்வர் நடத்துகிறவர்கள் பலரும் இன்று எதையும் நேரடியாக நிறுவுவதில்லை, கண்டெய்னராகத்தான் ஓட்டுகிறார்கள். கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு எழுதும் வரி அவர்களுக்கு மனப்பாடம். ‘போர்ட்ஸ்’ என்று போட்டு அதன் கீழே 5432:5432. மாதிரிக் கோப்பில் அப்படி இருந்தது, எடுத்து ஒட்டினோம். யூஎஃப்டபிள்யூவில் 5432ஐ நாம் திறக்கவே இல்லை. ஆகவே வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது என்று நினைக்கிறோம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தொடலாம்.

எப்படி என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். லினக்ஸில் பாக்கெட்டுகளை வடிகட்டுவது கர்னலுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர். 2001இல் 2.4 கர்னலோடு வந்தது. யூஎஃப்டபிள்யூ என்பதே ஒரு ஃபயர்வால் என்று நாம் பேசினாலும், அது நெட்ஃபில்டருக்கு விதி எழுதிக்கொடுக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். டாக்கரும் அதே நெட்ஃபில்டருக்குள் தன் பங்குக்கு விதி எழுதுகிறது. இப்போது வெளியிலிருந்து 5432க்கு ஒரு பாக்கெட் வருகிறது. அது முதலில் சந்திப்பது நாட் அட்டவணையின் ப்ரீரௌட்டிங் சங்கிலியை. அங்கே டாக்கர் எழுதிய விதி, பாக்கெட் சேரவேண்டிய முகவரியை அழித்துவிட்டு கண்டெய்னரின் உள்முகவரியை, 172 என்று தொடங்கும் ஒன்றை, எழுதிவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் கர்னல் ‘இது எனக்கு வந்ததா, வேறு இடத்துக்குப் போகவேண்டியதா’ என்று பார்க்கிறது. முகவரிதான் மாறிவிட்டதே! எனக்கில்லை என்று ஃபார்வர்ட் சங்கிலிக்குத் தள்ளிவிடுகிறது. நாம் பார்த்துப் பார்த்து எழுதிய அனுமதியும் மறுப்பும் உட்கார்ந்திருப்பதோ இன்புட் சங்கிலியில். அந்தப் பக்கமே இந்தப் பாக்கெட் வருவதில்லை. ஃபார்வர்ட் சங்கிலியிலும் யூஎஃப்டபிள்யூவின் இயல்பான பதில் மறுப்புதான். ஆனால் டாக்கர் தன் விதிகளை அதற்கு மேலே செருகி வைத்திருப்பதால் அனுமதி முந்திக்கொள்கிறது. அவன் தடுக்கில் நுழைந்தால் இவன் கோலத்தில் நுழைகிறான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது யூஎஃப்டபிள்யூவிடம் நிலவரம் கேட்டால் என்ன சொல்லும்? 22, 80, 443. ஸ்டேட்டஸ் ஆக்டிவ். அது பொய் சொல்லவில்லை. தான் எழுதியதை மட்டும்தான் அது திருப்பிச் சொல்லும்.

குற்றம் யாருடையது என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொள்வதுண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. யூஎஃப்டபிள்யூ 2008இல் உபுண்டு 8.04ஓடு வந்தது. எல்லா நிரலும் சர்வரிலேயே நேரடியாக ஓடிய காலம். இன்புட் சங்கிலியைக் காத்தால் போதும் என்பது அன்றைக்கு நியாயமான கணக்கு. டாக்கர் வந்தது 2013இல். ‘போர்ட்டை வெளியே விடு’ என்று நாம் கேட்டதை அது செய்கிறது. இப்படி யூஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போகும் என்று அதன் ஆவணமே எழுதிவைத்திருக்கிறது. நிலவர அறிக்கையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகச் சொன்ன அறிவுரைதான் இங்கே குற்றவாளி.

சரிசெய்ய ஃபயர்வால் பக்கமே போகவேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். 5432:5432 என்ற வரிக்கு முன்னால் 127.0.0.1: என்று பத்து எழுத்து சேர்த்தால், டேட்டாபேஸ் அந்த இயந்திரத்துக்குள் மட்டும் கேட்கும். டேட்டாபேஸைப் பயன்படுத்தும் செயலியும் அதே கம்போஸ் வலையில்தான் இருக்கிறது என்றால் ‘போர்ட்ஸ்’ வரியே வேண்டாம், அழித்துவிடலாம். இரண்டும் உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். (ஒரு எச்சரிக்கை: டாக்கர் 28க்கு முந்தைய பதிப்புகளில், 127.0.0.1 என்று போட்டிருந்தாலும் அதே உள்வலையில் இருக்கும் பக்கத்து இயந்திரம் உள்ளே வர வழி இருந்தது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டிருப்பவர்கள் மேம்படுத்திக்கொள்ளட்டும்.) இல்லை, ஃபயர்வாலில்தான் தடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கென்றே டாக்கர்-யூசர் என்ற சங்கிலி இருக்கிறது. அதிலும் ஒரு பள்ளம். 8080:80 என்று போட்டிருக்கும் கண்டெய்னருக்கு அங்கே 8080ஐத் தடுத்தால் ஒன்றும் ஆகாது. பாக்கெட் அங்கே வருவதற்குள் முகவரியும் போர்ட்டும் மாறியாயிற்று. அதன் கண்ணில் படுவது 80தான். தடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

ஆகவே என் முதல் வாதம்: ஃபயர்வாலில் தொடங்காதீர்கள். இயந்திரத்தில் எது காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதில் தொடங்குங்கள். அதற்கு எஸ்எஸ் என்று ஒரு சின்னக் கட்டளை அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. எந்த நிரல், எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று வரிவரியாகக் கொடுக்கும். யூஎஃப்டபிள்யூ சொல்லாமல் விட்டதை இது சொல்லும், 0.0.0.0:5432 என்ற வரியில் டாக்கர்-ப்ராக்ஸி என்ற பெயர் நின்றிருப்பதை அங்கே பார்க்கலாம். 0.0.0.0 என்றோ, சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளி என்றோ இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ‘இது ஊருக்கு எதற்கு?’ என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் குறைவு.

இதற்கு வரலாறும் சாட்சி சொல்கிறது. 2017 ஜனவரியில் மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் வரிசையாகக் காலியாயின. கடவுச்சொல் இல்லாமல் இணையத்தை நோக்கித் திறந்துகிடந்தவை அவை. உள்ளே வந்தவன் தரவை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்று ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனான். ஒருவன் செய்ததைப் பார்த்து மற்றவர்களும் இறங்க, பல்லாயிரக்கணக்கான டேட்டாபேஸ்கள் போயின. பணம் கட்டியும் தரவு கிடைக்காதவர்கள் உண்டு. அவன் நகலே எடுத்து வைக்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் வெள்ளம் பாய்ந்தது. அதை அனுப்பியவை யாரோ தங்கள் சர்வரில் நிறுவிவிட்டு மறந்துபோன மெம்கேஷ்ட் நிரல்கள். 11211 யூடிபி போர்ட்டில் ஒரு சின்னக் கேள்வி வந்தால் 50,000 மடங்கு வரை பெரிய பதிலை, கேள்வியில் எழுதியிருந்த போலி முகவரிக்கு அனுப்பிவைத்தன. சர்வரின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவருடைய இயந்திரம் வேறொருவரை அடித்துக்கொண்டிருந்தது.

எதிர்த்தரப்பு இங்கே எழுந்து நிற்கும்: ‘ஃபயர்வால் போட்டிருந்தால் இரண்டுமே நடந்திருக்காதே!’ உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழிகளை மூடியது எது என்று பாருங்கள். மாங்கோடிபி 3.6இலிருந்து இயல்பிலேயே இயந்திரத்துக்குள் மட்டும் கேட்பதாக மாற்றினார்கள். மெம்கேஷ்ட் 1.5.6இல் யூடிபியை அணைத்தே கொடுத்தார்கள். ரெடிஸ் அதற்கு முன்பே, 2016இல் வந்த 3.2இல், கடவுச்சொல் வைக்காதவர்களுக்காக ஒரு காப்புநிலையைச் சேர்த்தது. வாழ்நாளில் ஃபயர்வால் பக்கம் போகாதவரையும் இந்த மாற்றங்கள் காப்பாற்றுகின்றன. பிரச்சினை இருந்தது காது கொடுக்கும் இடத்தில், தீர்வும் அங்கேயே வந்தது.

அடுத்து, ஐபி தடை என்ற பொழுதுபோக்கு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் இசட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே கணினி, ஒரு கிகாபிட் இணைப்பு. ஐபிவி4 முகவரிவெளி முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதன் பிறகு, உங்கள் சர்வரை யாரோ தட்டுகிறார்கள் என்பது செய்தியே இல்லை. உங்களை யாரும் குறிவைக்கவில்லை. எல்லாரையும் தட்டுகிற இயந்திரம் உங்களையும் தட்டுகிறது. அந்த லாகைப் பார்த்துப் பதறி ஒவ்வொரு ஐபியாகத் தடுப்பது மழைத்துளியை எண்ணித் துடைக்கிற வேலை. ஆரம்பகால ஃபயர்வால்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான மார்கஸ் ரனம், கணினிப் பாதுகாப்பின் ஆறு மடத்தனங்கள் என்று 2005இலேயே பட்டியல் போட்டார். கெட்டதையெல்லாம் எண்ணிப் பட்டியலிட முயல்வது அதில் இரண்டாவது. இருபது வருடம் ஆகிறது, நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவதிலாவது பலன் உண்டா? நம் ஊர் மொபைல் இணைப்புகளில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்கள் இருப்பார்கள். முகவரிப் பஞ்சம் அப்படி. வைரஸ் பிடித்த ஒரு போனுக்காக அந்த முகவரியைத் தடுத்தால், உங்கள் தளத்தைப் பார்க்க வந்த வேறு பலரும் காரணம் தெரியாமல் வாசலில் நிற்பார்கள். ஐபிவி6இல் தலைகீழ் நிலைமை. ஒரு சாதாரண இணைப்புக்கே ஒரு முழு /64 கிடைக்கிறது, சுமார் 1.8 லட்சம் கோடி கோடி முகவரிகள். ஒன்றைத் தடுத்தால் அவன் அடுத்ததை எடுத்துக்கொள்வான். நாடுவாரியாகத் தடுக்கிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வாடகை சர்வர் எல்லா நாட்டிலும் கிடைக்கிறது, தாக்குகிறவனுக்கும் அது தெரியும்.

இதில் வேடிக்கை, தடை போடுகிறவர்களில் பலர் போட்ட தடை வேலையே செய்வதில்லை. ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். முதல் நாள் 22ஐ எல்லாருக்கும் திறந்து ஒரு விதி எழுதினீர்கள். ஒரு மாதம் கழித்து 203.0.113.7 தொல்லை கொடுக்கிறது. அந்த முகவரியை மறு என்று யூஎஃப்டபிள்யூவுக்கு ஒரு வரி. ‘ரூல் ஆடட்’ என்று பதில் வருகிறது. ஆனால் புது விதி பட்டியலின் அடியில் போய் உட்காருகிறது. மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துவதோடு நிறுத்திக்கொள்வது இதன் வழக்கம். 203.0.113.7இலிருந்து 22க்கு வரும் பாக்கெட் மேலே இருக்கும் ‘எல்லாரும் வரலாம்’ விதியிலேயே அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடும். கீழே இருக்கும் மறுப்பை அது சந்திப்பதே இல்லை. இன்ஸர்ட் 1 என்று சொல்லித் தலையில் ஏற்றியிருக்கவேண்டும். சரி, ஏற்றியாயிற்று. அப்போதும் அவன் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் இணைப்பு அறுவதில்லை. ‘நிறுவப்பட்ட இணைப்பு தொடரட்டும்’ என்ற விதி நம்முடைய விதிகளுக்கெல்லாம் முன்னால் இருக்கிறது. கான்ட்ராக் அட்டவணையிலிருந்து அந்தப் பதிவை நீக்கினால்தான், அல்லது அவனைத் தாங்கும் நிரலை நிறுத்தினால்தான் அவன் போவான்.

இத்தனைக்கும் பதிலாக எஸ்எஸ்ஹெச் அமைப்பில் கடவுச்சொல் நுழைவை அணைத்துவிட்டுச் சாவி மட்டும் செல்லும் என்று வைத்தால், விடிய விடிய நடக்கிற அந்த முயற்சி வெறும் சத்தமாகிவிடுகிறது. ஃபெயில்2பேன் ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம். மெயில் சர்வர் போல, கடவுச்சொல்லைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. சாவி மட்டும் வைத்த எஸ்எஸ்ஹெச்சுக்கு முன்னால் அது லாகைச் சுத்தமாக வைத்திருக்கும் துடைப்பம். 22ஐ மாற்றி 2222இல் வைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

விதி கூடினால் பாதுகாப்பு கூடும் என்ற இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். அவிஷாய் வூல் என்ற ஆய்வாளர், நிறுவனங்களில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்த 37 ஃபயர்வால்களின் விதித்தொகுப்புகளை எடுத்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார். தொகுப்பு சிக்கலாக ஆக ஆக அதில் பிழைகளும் கூடின. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பராமரித்த ஃபயர்வால்களின் கதி அது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் சர்வர் பக்கம் போகிற நம் கதியைச் சொல்லவேண்டாம்.

பிழை எப்படிப் புகுகிறது என்பது ஒன்றும் மர்மமில்லை. நண்பருக்கு ஒரு விளையாட்டு சர்வர் போட்டுக்கொடுத்தபோது 25565ஐத் திறந்தோம். விளையாட்டு அலுத்துப்போய் நீக்கிவிட்டோம், விதி மட்டும் இருக்கிறது. அது எதற்கென்று இரண்டு வருடம் கழித்து நினைவில்லை; எடுத்தால் எதாவது உடைந்துவிடுமோ என்று பயம்; இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறோம். நாளை வேறொரு நிரல் அதே போர்ட்டில் வந்து உட்கார்ந்தால் அதற்குக் கதவு தயாராகத் திறந்திருக்கிறது. கருவிகளைக் கலப்பது இன்னொரு கொடுமை. ஐபிடேபிள்ஸுக்கு மாற்றாக என்எஃப்டேபிள்ஸ் 2014இல் 3.13 கர்னலில் வந்தது. டெபியன் 10இலிருந்து ஐபிடேபிள்ஸ் என்று அடித்தாலும் அடியில் இயல்பாக ஓடுவது அதுதான். ஆனால் பழைய வகை விதிகளும் கர்னலில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஒரு கட்டளையில் பார்த்தால் ஒரு பட்டியல், இன்னொன்றில் பார்த்தால் வேறு பட்டியல், பாக்கெட்டோ இரண்டுக்கும் பதில் சொல்லியாகவேண்டும். என்எஃப்டேபிள்ஸில் ஓர் அட்டவணை கொடுத்த அனுமதி கடைசித் தீர்ப்பும் கிடையாது. அதே இடத்தில் பின்னால் காத்திருக்கும் இன்னொரு சங்கிலி மறுத்துவிடலாம். மறுப்பு மட்டும் அங்கேயே முடிந்துவிடும். இது தெரியாமல் யூஎஃப்டபிள்யூவில் கொஞ்சம், கையால் எழுதிய என்எஃப்டேபிள்ஸில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டு, ‘அனுமதித்திருக்கிறேன், ஏன் வரமாட்டேனென்கிறது’ என்று இரவெல்லாம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்புட்டுக்கு இயல்பு மறுப்பு என்று வைத்துவிட்டு, சுத்தமாகத் தொடங்கலாம் என்று எல்லா விதியையும் ஒரே அடியில் அழிக்கிறவர்களும் உண்டு. விதிகள் போகும், மறுப்பு நிற்கும், எஸ்எஸ்ஹெச் திரை அப்படியே உறைந்துபோகும். விபிஎஸ் நிறுவனத்தின் இணையதளம் வழியாகக் கன்சோலைத் திறந்து உள்ளே போகத் தெரிந்திருந்தால் தப்பித்தார்கள். விதிகளை ஒரே கோப்பில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தோடு எழுதி, கிட்டில் வைத்து, முழுத் தொகுப்பாக ஒரே முறையில் ஏற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. என்எஃப்டேபிள்ஸ் அப்படி ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டது: கோப்பு முழுவதும் செல்லும், அல்லது ஒரு வரியும் செல்லாது.

பிங்கைத் தடு என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. பிங்குக்குப் பதில் சொல்லாவிட்டால் சர்வர் மறைந்துவிடும் என்பது நினைப்பு. 443 திறந்திருக்கும் இயந்திரம் எங்கே மறைவது? ஆர்வக்கோளாறில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்தால் வரும் நோய் விசித்திரமானது. வீட்டு இணைப்புக்குப் பொது முகவரி கிடைக்காததால் நம் ஊரில் பலர் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து, வயர்கார்ட் சுரங்கம் வழியாக வீட்டு சர்வருக்குப் பாதை போடுகிறார்கள். ஈத்தர்நெட்டில் 1500 பைட் போகும் பாக்கெட், வயர்கார்டில் வழக்கமாக 1420தான் போகும். பெரிய பாக்கெட் வந்து முட்டும்போது ‘இது பெரிது, சின்னதாக அனுப்பு’ என்று திரும்பிச் சொல்வது ஐசிஎம்பிதான். அதன் வாயைக் கட்டினால் உள்நுழைவுப் பக்கம் வரும், படத்தை ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். ஐபிவி6இல் அக்கம்பக்கத்து இயந்திரங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே ஐசிஎம்பிவி6 வழியாக. அதை முழுக்கத் தடுத்தால் இணைப்பே இருக்காது.

இவ்வளவு நேரமும் உள்ளே வருவதைப் பற்றியே பேசினோம். எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். யூஎஃப்டபிள்யூவின் இயல்பும் அதுதான்: உள்ளே வருவதற்கு மறுப்பு, வெளியே போவதற்குத் தாராளம். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே ஓட்டை இந்த மனப்பாங்கின் விலையைக் காட்டியது. ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் ஒரு நூலகத்தில் இருந்த பிழை அது. தாக்குகிறவன் தேடல் பெட்டியிலோ உலாவியின் பெயர் வரும் இடத்திலோ ஒரு சின்ன வரியை எழுதி அனுப்புவான். அது 443 வழியாக, நாமே திறந்துவைத்த கதவு வழியாக, முறைப்படி வரும். நிரல் அந்த வரியை லாகில் எழுதப்போகும்போது அதிலிருக்கும் முகவரியைத் தேடி வெளியே போய், அவனுடைய எல்டாப் சர்வரில் கேட்டு, அவன் தரும் நிரலை எடுத்துவந்து ஓட்டும். உள்ளே வருவதைத் தடுக்க எத்தனை விதி எழுதியிருந்தாலும் இதைத் தொட்டிருக்காது. ‘இந்த ஜாவா நிரலுக்கு டேட்டாபேஸைத் தவிர வெளியே பேச எவரும் இல்லை’ என்ற ஒற்றை விதி இந்தப் பாதையை அடைத்திருக்கும்.

வெளியே போவதைக் கட்டுப்படுத்தினால் அப்டேட் நின்றுவிடும், சான்றிதழ் புதுப்பிக்காது, டிஎன்எஸ் போகாது என்பார்கள். இயந்திரம் முழுவதற்கும் ஒரே அடியாகப் பூட்டினால் அப்படித்தான் ஆகும். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என்எஃப்டேபிள்ஸில் எந்தப் பயனர் கணக்கிலிருந்து போகிறது என்று பார்த்துத் தடுக்கலாம். அதைவிடச் சுலபம் சிஸ்டம்டியில் இருக்கிறது: ஒரு சேவையின் கோப்பில் ‘ஐபிஅட்ரஸ்டினை’ என்று ஒரு வரியும் ‘ஐபிஅட்ரஸ்அலௌ’ என்று ஒரு வரியும் எழுதினால் அந்தச் சேவை மட்டும் அடங்கும், மற்றவை வழக்கம்போல ஓடும். 2017இல் வந்த 235ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆரம்பநிலைக் கையேடுகளில் ஏன் இதற்கு ஒரு பத்திகூட இல்லை என்பது எனக்குப் புரிந்ததில்லை.

இப்போது அந்த இன்னொரு கூட்டம். ‘தேவையில்லாதது எதுவும் கேட்கவில்லை என்றால் ஃபயர்வால் எதற்கு? மூடிய போர்ட்டை இன்னொரு முறை மூடுவானேன்?’ என்று கேட்கிறார்கள். இவர்கள் வாதத்தில் உண்மை உண்டு. இதுவரை நான் சொன்னதில் பாதி இவர்கள் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இவர்கள் கணக்கில் சர்வர் இன்று இருப்பது போலவே நாளையும் இருக்கும். அப்டேட்டில் ஒரு நிரல் புதிதாக ஒரு நிர்வாகப் போர்ட்டைத் திறக்கலாம். சோதனைக்கு ஓட்டிய ஒன்று அணையாமல் கிடக்கலாம். அந்த நாளில் பிடிக்க இன்னொரு வலை வேண்டும்.

நாம் வேண்டுமென்றே திறந்த போர்ட்டும் நாளை நமக்கு எதிராகத் திரும்பலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் யாரோ பொறுமையாகப் புதைத்துவைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி மெதுவாக இருக்கிறதே என்று துருவிப்போனதில் அது அகப்பட்டது. நிலையான வெளியீடுகளுக்குள் அது வருவதற்கு முன் பிடிபட்டது நம் அதிர்ஷ்டம். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சிலேயே, 2006இல் திருத்திய பிழை ஒன்று திரும்ப முளைத்திருந்தது வெளிவந்தது; உள்நுழையாமலே ரூட் ஆக வாய்ப்புள்ள ஓட்டை. இந்த இரண்டு சமயத்திலும் ‘22 எல்லாருக்கும்’ என்ற விதி ஒன்றுக்கும் உதவாதது. 22ஐ வயர்கார்டுக்குள் மட்டும் வைத்திருந்தவர்கள் அன்றைக்குச் சாவகாசமாக டீ குடித்துவிட்டு அப்டேட் போட்டார்கள். தெரிந்த சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. ஃபயர்வால் செய்யவேண்டிய வேலைக்கு இது நல்ல உதாரணம். கெட்டவர்களை எண்ணாமல், வரவேண்டியவர் யார் என்று மட்டும் சொல்லும் ஒரே ஒரு விதி.

எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி பாக்கி. சர்வருக்குள் உட்கார்ந்துகொண்டு சர்வரையே கேட்பதில் பயனில்லை என்று டாக்கர் கதையிலேயே பார்த்தோம். வெளியே வரவேண்டும். போனின் மொபைல் டேட்டாவில் மடிக்கணினியை இணைத்து, என்மேப்பால் உங்கள் முகவரியின் 65,535 டிசிபி போர்ட்டையும் தட்டுங்கள். ஐபிவி6 முகவரியை விட்டுவிடாதீர்கள். ஐபிவி4இல் மூடியிருக்கும் நிரல் அங்கே திறந்துகிடப்பது அபூர்வமில்லை. மெம்கேஷ்ட் நினைவிருந்தால் யூடிபியில் தெரிந்த போர்ட்டுகளையாவது பாருங்கள். வரும் பட்டியலை விதிக் கோப்போடு ஒப்பிட்டால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உங்களுக்கான வேலை.

இதையெல்லாம் செய்ய நேரம் யாருக்கு இருக்கிறது என்பது கடைசியாக வரும் ஆட்சேபம். ஐபி ஐபியாகத் தடுத்துக்கொண்டிருந்த நேரம் இப்போது மிச்சம் என்பது என் பதில். அந்தத் தட்டலை ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சடங்காக வைக்காமல், வேறொரு சின்ன இயந்திரத்தில் க்ரானில் போட்டு, நேற்றைய பட்டியலிலிருந்து ஒரு வரி மாறினாலும் மெயில் வரும்படி செய்துகொள்ளலாம். நீங்கள் ஃபயர்வாலைத் தொடாத நாளில்தான் அந்த மெயில் வரும். அநேகமாக அன்றைக்கு ஒரு கம்போஸ் கோப்பை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பீர்கள்.